குக்கர் மாறினால் நேரமும் மாறும்: அழுத்தத்துக்கேற்ப வேகும் நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

சமையல் குறிப்பில் "ஊறிய கொண்டைக்கடலையைக் குக்கரில் 12 நிமிடம் வேகவைக்கவும்" என்று போட்டிருக்கிறது. அப்படியே செய்கிறீர்கள். மூடியைத் திறந்தால் கடலை நறுக்கென்று கடிபடுகிறது. குறிப்பை எழுதியவர் தவறாக எழுதவில்லை, நீங்களும் தவறாகச் செய்யவில்லை. அவருடைய குக்கர் ஓர் அழுத்தத்தில் வேலை செய்கிறது, உங்களுடையது வேறோர் அழுத்தத்தில். அவ்வளவுதான் விஷயம்.

அடுப்பில் வைக்கும் குக்கரிலிருந்து மின்சாரக் குக்கருக்கு மாறிய புதிதில் நானும் பழைய நேரங்களையே பிடித்துக்கொண்டிருந்தேன். பயறு வகைகளை இரண்டாம் முறை வேகவைப்பது வாடிக்கையாகிவிட்டது. பிறகுதான் புரிந்தது: நிமிடக் கணக்கு பாதிச் செய்தி மட்டுமே. எந்த அழுத்தத்தில் அத்தனை நிமிடம் என்பது மீதிப் பாதி. அந்த மீதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

அழுத்தம் ஏறினால் என்ன நடக்கிறது?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் வேகமாக ஆவியாகிப் போகும், அவ்வளவே. மூடியைப் பூட்டி ஆவியை உள்ளேயே அடைத்துவிட்டால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் உருவாக்கிய இறுக்கமான மூடியுள்ள பாத்திரம் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். எலும்பையே மிருதுவாக்கிவிடும் கருவி என்று அது பேசப்பட்டது. மிஞ்சிய ஆவியை வெளியேற்றும் வால்வையும் அவர் சேர்த்திருந்தார். இன்றைய குக்கர் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்.

இனி எண்கள். குக்கரின் அழுத்தத்தைப் பெரும்பாலும் பிஎஸ்ஐ கணக்கில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வார்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களில், 15 பிஎஸ்ஐ என்றால் உள்ளே சுமார் 121 டிகிரி. 11 பிஎஸ்ஐ என்றால் 116 டிகிரிக்குச் சற்று மேல். 8 பிஎஸ்ஐ சுமார் 113, 6 பிஎஸ்ஐ சுமார் 110 டிகிரி.

பார்க்க ஐந்து, பத்து டிகிரி வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் உணவு மிருதுவாவது ஒரு வேதிமாற்றம். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தோராயக் கணக்கு. திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கேட்கும் பொருள் குக்கரில் கால் மணி, இருபது நிமிடத்தில் வெந்துவிடுவது இதனால்தான். அதே கணக்குப்படி, குக்கருக்குக் குக்கர் உள்ள ஐந்து டிகிரி வித்தியாசமும் நேரத்தை நன்றாகவே நகர்த்தும்.

முதல் படி: உங்கள் குக்கரின் அழுத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

குக்கரோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் குக்கரின் அடிப்பாகத்திலோ கைப்பிடிக்குக் கீழேயோ பொறித்திருப்பதைப் பாருங்கள். சில குக்கர்களில் பிஎஸ்ஐ என்று இருக்காது. பார் என்றோ கிலோபாஸ்கல் என்றோ சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றோ இருக்கும். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பிஎஸ்ஐ. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் 14.2 பிஎஸ்ஐ. சமையலுக்கு இவை எல்லாவற்றையும் 15 என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. சில குக்கர்களில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று வேலை செய்யும் அழுத்தம், மற்றது பாதுகாப்புக்கான உச்ச வரம்பு. நமக்கு வேண்டியது முதலாவது. உச்ச வரம்பைப் பார்த்துக் கணக்குப் போட்டால் எல்லாமே வேகாமல் வரும்.

பொதுவாக, வெயிட் போட்டு விசில் அடிக்கும் அடுப்புக் குக்கர்கள் 15 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வேலை செய்பவை. மூடியில் ஸ்பிரிங் வால்வு வைத்து, அழுத்தம் ஏற ஏற ஒரு குச்சி மேலே வந்து கோடு கோடாகக் காட்டும் வகையில் இரண்டு நிலைகள் இருக்கும். முதல் கோடு சுமார் 6 முதல் 8 பிஎஸ்ஐ, இரண்டாம் கோடு மாடலைப் பொறுத்து 11 முதல் 15 வரை. மின்சாரக் குக்கர்களில் 'ஹை' என்பது பெரும்பாலும் 10 முதல் 12 பிஎஸ்ஐ, 'லோ' என்பது 5 முதல் 7 வரை. பலரும் தவறவிடும் இடம் இதுதான். மின்சாரக் குக்கரின் 'ஹை' என்பது அடுப்புக் குக்கரின் முழு அழுத்தம் இல்லை.

மின்சாரக் குக்கர்களில் 'ஸ்லோ குக்' என்ற பொத்தானும் இருக்கக்கூடும். அது அழுத்தம் இல்லாத மெதுவான சமையல். 'லோ பிரஷர்' என்று நினைத்து அதை அழுத்திவிடாதீர்கள். குறிப்பாக ராஜ்மா விஷயத்தில் இது ஆபத்து. அதில் இயல்பாக உள்ள ஒரு நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். கொதிக்காத இளஞ்சூட்டில் கிடந்தால் வயிற்றைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி: நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து எண்ணக் கூடாது. முழு அழுத்தம் வந்த நொடியிலிருந்துதான் கணக்கு. விசில் குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். கோடு காட்டும் குக்கரில் வேண்டிய கோடு தெரிந்ததும் தொடங்குங்கள். மின்சாரக் குக்கர் தானாகவே அப்படித்தான் எண்ணும். நீங்கள் 15 என்று வைத்தால், அழுத்தம் ஏறிய பிறகே 15 குறையத் தொடங்கும்.

தீயைக் குறைப்பதிலும் அளவு வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் இறங்கிவிடும். வெயிட்டைச் சுற்றி மெல்லிய 'உஸ்' சத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது எப்போதாவது ஒரு விசில் வர வேண்டும். முழு அமைதியாகிவிட்டால் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

விசில் எண்ணிச் சமைப்பவர்களுக்கு ஒன்று. விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியேறும் நிகழ்ச்சி. தீ பெரிதாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும், சிறிதாக இருந்தால் நிமிடக்கணக்கில் வராது. அதனால் ஒருவர் சொல்லும் 'ஐந்து விசில்' அவருடைய அடுப்பிலும் அவருடைய குக்கரிலும் மட்டுமே பொருந்தும். உங்களுக்குப் பழகிய சமையலை நிமிடத்துக்கு மாற்றுவது எளிது: வழக்கமான தீயிலேயே வைத்து, முதல் விசிலிலிருந்து அடுப்பை அணைக்கும்வரை எத்தனை நிமிடம் என்று ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் எந்தக் குக்கருக்கும் கொண்டுபோகலாம்.

வெயிட்டைத் தனியாகப் போடும் குக்கர் என்றால், ஆவி சீராக, பலமாக வரத் தொடங்கிய பிறகே போடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தம் ஏறியதுபோல் தெரிந்தாலும் வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறியிருக்காது.

மூன்றாம் படி: பெருக்குங்கள்

15 பிஎஸ்ஐக்கு எழுதிய நேரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். 11 பிஎஸ்ஐக்கு மாறும்போது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டுங்கள்: 12 நிமிடம் 15 அல்லது 16 ஆகும். 8 பிஎஸ்ஐக்கு முக்கால் பங்கு கூட்டுங்கள்: 12 நிமிடம் 21 ஆகும். 6 பிஎஸ்ஐ என்றால் இரண்டு மடங்கு, 24 நிமிடம்.

எதிர்த்திசையில் போகும்போது, அதாவது மின்சாரக் குக்கருக்கான குறிப்பை விசில் குக்கரில் செய்யும்போது, கால் பங்கு குறையுங்கள். 20 நிமிடம் 15 ஆகும். ஒரே மின்சாரக் குக்கரில் 'ஹை'யிலிருந்து 'லோ'வுக்கு மாறினால் ஒன்றரை மடங்கில் தொடங்கி, போதாவிட்டால் இரண்டு மடங்கு வரை போகலாம்.

குறிப்பில் எந்த அழுத்தம் என்றே சொல்லவில்லையா? எந்தக் குக்கர் என்று தேடுங்கள். மின்சாரக் குக்கர் பொத்தான்களின் பெயர்கள் வந்தால் 11 என்று கொள்ளுங்கள். விசிலையோ தீயையோ பற்றிப் பேசினால் 15.

இந்தப் பெருக்கல் கடலை, பயறு, இறைச்சி, முழுக் கிழங்கு போன்ற நீண்ட நேரச் சமையலுக்குத்தான் உண்மையில் தேவை. இரண்டு மூன்று நிமிடக் காய்கறிகளுக்கு மூளையைக் கசக்க வேண்டாம். அழுத்தம் ஏறுவதற்குள்ளேயே அவை பாதி வெந்திருக்கும். அங்கே ஒரு நிமிடம் முன்னேபின்னே பார்த்துக்கொண்டால் சரி.

கையில் வைத்துக்கொள்ளச் சில தொடக்க எண்கள், எல்லாம் 15 பிஎஸ்ஐக்கு: வெள்ளை அரிசி 3 முதல் 4 நிமிடம், அதன்பின் 10 நிமிடம் தானாக அடங்க விட வேண்டும். உருளைக்கிழங்குத் துண்டுகள் 4 முதல் 5. எலும்போடு கோழித் துண்டுகள் 8 முதல் 10. ஊறிய ராஜ்மா 8 முதல் 10, ஊறிய கொண்டைக்கடலை 12 முதல் 15, ஊறாத கொண்டைக்கடலை 35 முதல் 40. இவை தொடங்கும் இடங்கள்தான். உங்கள் பொருளுக்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஆவி அடங்கும் நேரமும் சமையல் நேரம்தான்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். அடுப்பை அணைத்தவுடன் வேகுவது நிற்பதில்லை. அழுத்தம் தானாக அடங்க 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். அந்த நேரம் முழுக்க உள்ளே 100 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. மின்சாரக் குக்கரின் உள்பாத்திரம் ஓர் உறைக்குள் உட்கார்ந்திருப்பதால் சூடு இன்னும் மெதுவாகவே இறங்கும். அதனால்தான் அரிசியைப் பொறுத்தவரை இரண்டு குக்கர்களுக்கும் நேர வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. அழுத்தத்தில் இழந்ததை அடங்கும் நேரத்தில் அது ஈடுகட்டிவிடுகிறது.

ஆகவே குறிப்பு 'உடனே ஆவியை வெளியேற்றவும்' என்று சொல்லி, நீங்கள் தானாக அடங்க விட்டால், சமையல் நேரத்தில் சில நிமிடங்களைக் குறைத்தாக வேண்டும். காய்கறி என்றால் குழைந்தே போகும். தலைகீழாக, தானாக அடங்க வேண்டியதை அவசரமாகத் திறந்தால் பொருள் அரைவேக்காடாக இருக்கும். எது எதற்கு? கடலை, பயறு, ராஜ்மாவைத் தானாக அடங்க விடுங்கள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் உள்ளே பலமாகக் கொதித்துத் தோல் பிய்ந்துவிடும், நுரையும் வால்வு வழியே பொங்கும். பெரிய இறைச்சித் துண்டும் அப்படியே. அவசரப்பட்டால் சாறு வெளியேறி வறண்டுபோகும். காய்கறி, மீன் இரண்டுக்கும் உடனே ஆவியை விடுவதுதான் சரி.

அடுப்புக் குக்கரின் மூடிமேல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கலாம், கையேடு அனுமதித்தால். மின்சாரக் குக்கருக்கு இது கூடவே கூடாது. எந்தக் குக்கராக இருந்தாலும், மூடி தானாக நெகிழும் முன் பலத்தைக் காட்டித் திறக்காதீர்கள்.

தண்ணீரையும் மாற்றியாக வேண்டும்

நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டால் வேறு சிக்கல் வரும். விசில் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் ஆவியை இழக்கிறது. ஸ்பிரிங் வால்வுக் குக்கரும் மின்சாரக் குக்கரும் அழுத்தம் ஏறிய பிறகு ஏறக்குறைய எதையும் வெளியே விடுவதில்லை. விசில் குக்கருக்கான தண்ணீரை அவற்றில் ஊற்றினால் சோறு குழையும், குழம்பு நீர்த்துப்போகும். கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். ஆனால் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். ஆவி உண்டாகத் தண்ணீர் இருந்தால்தான் அழுத்தம் ஏறும். மின்சாரக் குக்கரிலிருந்து விசில் குக்கருக்கு வரும்போது கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள், இல்லையென்றால் அடிபிடிக்கும்.

நிரப்பும் அளவுக்கும் எல்லை உண்டு. பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு. நுரைக்கிற, ஊதுகிற அரிசி, பருப்பு, கடலைக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. வால்வின் துளை அடைபட்டுவிட்டால் நேரக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம், முதலில் உங்கள் பாதுகாப்பே கேள்விக்குறியாகிவிடும்.

அளவு இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கா?

இல்லை. அரைக் கிலோ கடலைக்கு எவ்வளவு நேரமோ, ஒரு கிலோ கடலைக்கும் அதே நேரம். அழுத்தம் ஏறத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். ஏறிய பிறகு ஒவ்வொரு கடலையையும் சுற்றி இருப்பது அதே சூடு.

துண்டின் பருமன்தான் நேரத்தை முடிவு செய்கிறது. சூடு வெளியிலிருந்து நடுப்பகுதிக்கு ஊடுருவ வேண்டும். பருமன் இரண்டு மடங்கானால் ஊடுருவும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு கிலோ இறைச்சியை ஒரே கட்டியாகப் போடுவதற்கும் சிறு துண்டுகளாகப் போடுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். குறைந்த அழுத்தக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கிழங்கு, இறைச்சி போன்றவற்றுக்கு நேரத்தைக் கூட்ட மனமில்லையென்றால், துண்டுகளைச் சிறிதாக நறுக்கிவிடுங்கள்.

குக்கருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து வேகவைத்தால் சூடு அந்தப் பாத்திரத்தையும் தாண்டி உள்ளே போக வேண்டும். சில நிமிடங்கள் கூட்டுங்கள். எவர்சில்வருக்குக் குறைவாகவும் பீங்கானுக்கு அதிகமாகவும் தேவைப்படும்.

உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு

மலைப்பகுதியில் காற்றழுத்தமே குறைவு. குக்கர் தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுவது. அடித்தளமே தாழ்ந்திருந்தால் மொத்தமும் தாழ்ந்துதான் இருக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் 15 பிஎஸ்ஐ குக்கருக்குள் 121 டிகிரி வராது, 117 அல்லது 118 டிகிரிதான் வரும். பழக்கத்தில் உள்ள கணக்கு இது: 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுங்கள். 1,500 மீட்டர் என்றால் 15 சதவீதம், 20 நிமிடம் 23 ஆகும். முதலில் குக்கருக்கான மாற்றத்தைச் செய்துவிட்டு, வந்த எண்ணின்மேல் இதைச் சேர்க்க வேண்டும்.

எத்தனை நிமிடம் வைத்தாலும் வேகவில்லை என்றால்

அப்போது குற்றவாளி நேரம் இல்லை. மூடியைச் சுற்றி ஆவி கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கேஸ்கட் தளர்ந்திருந்தாலோ விறைத்துப்போயிருந்தாலோ அழுத்தம் முழுமையாக ஏறாது. இதைக் கண்காணிக்க எளிய வழி உண்டு. குக்கர் நன்றாக வேலை செய்யும்போதே, இரண்டு கப் தண்ணீர் மட்டும் ஊற்றி, அதே அடுப்பில் அதே தீயில் எத்தனை நிமிடத்தில் முழு அழுத்தம் வருகிறது என்று குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து அதே சோதனைக்கு வெகு நேரம் பிடித்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள். வெயிட்டின் துளையையும் சுத்தம் செய்யுங்கள்.

கேஸ்கட் சரியாக இருந்தும் கடலை கல்லாகவே இருக்கிறதா? பழைய கடலையாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் கிடந்த பயறு லேசில் வேகாது. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும், கால்சியம் மிகுந்த தண்ணீரும் காரணமாகலாம். ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்திருந்தாலும் தோல் இறுகிவிடும். புளிப்பை வெந்த பிறகே சேருங்கள்.

புதிய குக்கரில் முதல் சமையல்

கணக்கில் வந்த நேரத்தை அப்படியே வைக்காமல், ஓரிரு நிமிடம் குறைத்தே வையுங்கள். வேகாததை மறுபடி வேகவைக்கலாம், குழைந்ததை மீட்க முடியாது. திறந்து பார்த்து, ஒரு கடலையை விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். வழுக்கென்று நசுங்கினால் வெந்தாயிற்று. நடுவில் வெள்ளையாகக் கெட்டியாகத் தெரிந்தால் மறுபடி மூடி, இன்னும் 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். உள்ளே ஏற்கனவே சூடாக இருப்பதால் இந்த முறை அழுத்தம் சீக்கிரமே ஏறிவிடும்.

அப்புறம், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொருள், ஊறவைத்த நேரம், துண்டின் அளவு, அழுத்த நிலை, நிமிடம், ஆவியை எப்படி விட்டீர்கள், பதம் எப்படி இருந்தது, இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். நீங்கள் அடிக்கடி சமைக்கும் பத்துப் பதினைந்து பொருள்களுக்கு இப்படி ஒரு வரி சேர்ந்துவிட்டால், பிறகு புதிய குறிப்பு எதைப் பார்த்தாலும் முதலில் நோட்டைப் புரட்டுவீர்கள். என் நோட்டில் கொண்டைக்கடலைக்கு எதிரே இருப்பது இது: இரவு முழுக்க ஊறியது, மின்சாரக் குக்கர் ஹை, 17 நிமிடம், தானாக அடங்க விட்டது, சரியான பதம்.